அன்றாடம் படிக்கும் எழுத்துக்கு அளவும் சோதனையும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாள்தோறும் மக்கள் கையிலும் கண்ணிலும் படுகின்ற அச்சுத் தமிழின் எழுத்து வடிவம், அதைப் படிப்பவரின் கண்ணையும் அவர் படிக்கும் இடத்தையும் கருதாமலே தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்துக்கும் பொதுமக்களின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் ஈரோட்டில் இத்தொழிலுக்கு வந்து, காலால் மிதித்து ஓட்டிய ட்ரெடில் இயந்திரம் போய் ஆஃப்செட் அச்சு வந்ததையும், எழுத்துக் கோத்த கம்பாசிட்டர் நின்ற இடத்தில் கணினி வந்து அமர்ந்ததையும் பார்த்து, இன்றும் அச்சகம் நடத்துபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். திருமணப் பத்திரிகையின் அலங்கார எழுத்தைப் பற்றியோ திரைப்படத் தலைப்பைப் பற்றியோ நான் பேச வரவில்லை. அவை கண்ணைக் கவர்ந்தால் போதும். பூச்சிமருந்துத் துண்டுச்சீட்டு, பேருந்துப் பலகை, மோட்டார் ஸ்டார்ட்டரின் மேல் ஒட்டிய எச்சரிக்கை, அரசு அலுவலக விண்ணப்பம், செய்தித்தாளின் உள்பக்கம் ஆகியவற்றில் வருகிற எழுத்தைப் படித்தே ஆக வேண்டும். அவற்றைப் பற்றியதுதான் இக்கடிதம்.

முதலில் பூச்சிமருந்துச் சீட்டை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் பகுதியில் இதைவிட அவசியமான அச்சு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, ஒவ்வொரு மருந்துப் பொதியிலும் பயன்பாட்டு விவரம் அடங்கிய துண்டுச்சீட்டு இருக்க வேண்டும். அது இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு விற்பனையாகும் பகுதியின் மொழியிலும் அச்சாகியிருக்க வேண்டும். நல்ல விதி. புட்டியின் மேல் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்பதைக் கொண்டு நஞ்சின் கடுமையை எழுத்தறியாதவரும் அறியலாம். ஆனால் எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு, ஏக்கருக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு தண்ணீரில் கலப்பது, கடைசியாகத் தெளித்த பின் அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருப்பது என்பதெல்லாம் எழுத்தில்தான் இருக்கின்றன. மஞ்சள் பயிரில் இலைப்புள்ளி நோய்க்குத் தெளிக்கும் மருந்து ஒன்றின் சீட்டை அண்மையில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். பல மடிப்பு மடித்த மெல்லிய தாளில் பல மொழிகள் நெருக்கியடித்து நிற்க, தமிழுக்குக் கிடைத்திருந்தது ஓரத்தில் ஒரு பத்தி. மேலே எழும் கொக்கியும் கீழே இறங்கும் குறியும் நீங்கலாக, நடு எழுத்தின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த உயரத்தில் 'தண்ணீர்' என்ற சொல்லில் உள்ள 'ண்ணீ' முழுவதும் மையடைத்து ஒரே கறுப்புத் திட்டாக நின்றது. ஆங்கிலத்துக்காகக் கட்டம் போட்ட அட்டவணைக்குள் தமிழை அடைக்க வேண்டியிருந்ததால், காத்திருப்புக் காலம் என்ற தலைப்பு இரண்டு இடங்களில் உடைந்து மூன்று வரியாகி, கீழே உள்ள எண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சீட்டைப் படிக்க வேண்டியவர், கொடுமுடியிலோ சிவகிரியிலோ காலை வெயிலில் வரப்பில் நின்றுகொண்டு, கையில் மருந்தும் தோளில் டேங்கும் வைத்திருக்கும் விவசாயி. பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர். வெள்ளெழுத்துக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார். அவர் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை; கடைக்காரர் சொன்னபடி டேங்குக்கு இத்தனை மூடி என்று ஊற்றிவிடுகிறார். விவசாயிகள் சீட்டைப் படிப்பதில்லை என்று அதிகாரிகள் வருத்தப்படுவதைக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். படிக்க முடியாதபடி அச்சடித்துக் கொடுத்துவிட்டு, படிக்கவில்லை என்று அவர்மேல் குறை சொல்வது நியாயமன்று. கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாமே என்று சில இளைஞர்கள் சொல்லக்கூடும். கூர்மையான அச்சாக இருந்தால் அது உதவும். மையடைத்துப்போன எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் உள்ளே இல்லாத வடிவம் வெளியே வராது.

இங்கே தமிழ் எழுத்தின் இயல்பைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். நம் எழுத்தில் பொருளைத் தாங்குகிற உறுப்புகள் பல மிகச் சிறியவை. மெய்யின் மேல் வைக்கும் புள்ளி ஒன்று. ஒற்றைக் கொம்பின் தலையில் இன்னொரு சுழி சேர்ந்தால் இரட்டைக் கொம்பு. 'கெடு' என்பதும் 'கேடு' என்பதும் அந்த ஒரு சுழியில்தான் பிரிகின்றன. 'எடு' என்பதை 'ஏடு' ஆக்குவது காலடியில் ஒரு சிறு கீற்று. 'ஒடு' என்பதை 'ஓடு' ஆக்குவதும் அப்படிப்பட்ட ஒரு வளைவுதான். 'பனி'யும் 'பணி'யும் ஒரு சுழி எண்ணிக்கையில் வேறுபடுகின்றன. துணைக்காலையும் ரகரத்தையும் பிரிப்பது ரகரத்தின் அடியில் சாய்ந்து இறங்கும் சிறு கோடு. அது மங்கினால் 'தரம்' என்பது 'தாம்' ஆகிவிடும், 'பரவை' என்பது 'பாவை' ஆகிவிடும். ஓலைச்சுவடிக் காலத்தில் புள்ளி வைக்கும் வழக்கம் அரிது, கொம்பில் குறில் நெடில் வேறுபாடு இல்லை, ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் இருந்தன. இடம் பார்த்துப் பொருள் கொண்டார்கள். அது யாப்பும் இலக்கணமும் அறிந்த புலவருக்கு இயன்றது. வீரமாமுனிவர் கொம்பில் செய்த திருத்தமும், அச்சுக்கூடங்கள் காலப்போக்கில் நிலைப்படுத்திய புள்ளியும் காலும் அந்த ஊகத்தின் தேவையை நீக்கி, எழுத்துக் கூட்டத் தெரிந்த எவரும் தமிழைப் படிக்க வழி செய்தன. இன்று கெட்ட அச்சில் அந்தச் சிறு உறுப்புகள் அழியும்போது, படிப்பவர் மறுபடியும் ஊகிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். மருந்தின் அளவை ஊகிக்கக் கூடாது.

ஆகவே படிப்பதற்கான தமிழ் எழுத்துருவை, அதாவது எழுத்துகளின் வடிவத் தொகுப்பை, வரைபவர் எழுத்தின் அழகான வளைவுகளுக்கு முன்பாக இந்தச் சிறு உறுப்புகளைத்தான் கவனிக்க வேண்டும். புள்ளி தாராளமான அளவில், எழுத்தின் தலையில் ஒட்டாமல் தள்ளி நிற்க வேண்டும். ணகரத்தின் சுழிகளுக்குள் வெள்ளை இடம் நன்றாகத் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் செய்தித்தாளின் மலிவுத் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும்போது முதலில் அடைபடுவது அந்த இடம்தான். ரகரத்தின் கால் தயங்காமல் இறங்க வேண்டும். கோடுகளில் தடிப்பும் மெலிவும் இருக்கலாம். ஆனால் மெல்லிய கோடு நகலெடுக்கும் இயந்திரத்தில் போட்டாலும் காணாமல் போகாத அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும். நம் தாலுகா அலுவலகங்களில் புழங்கும் விண்ணப்பங்கள் நகலுக்கு நகல் எடுத்தவை என்பதை நினைவில் கொண்டால் இதன் அவசியம் விளங்கும்.

எழுத்தின் அளவுக்கும் காகிதத்தின் விலைக்கும் இடையிலான இழுபறி தமிழ் அச்சில் புதியது அன்று. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானதிலிருந்து நம் எழுத்து ஈயத்தில் வாழத் தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடி மிஷனுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் உருவாக்கிய எழுத்துகள்தாம் சிறிய அளவிலும் தமிழ் தெளிவாக நிற்கும் என்று காட்டின. 1862இல் அங்கே அச்சான வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதியைப் புரட்டியவர்களுக்கு இது தெரியும். இடத்தைச் சேமித்தும் படிக்க வைக்கலாம் என்பதற்கு அது சான்று. அதற்குப் பொறுமையான கைவேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நம் ஈரோட்டுக்கும் எழுத்துச் சீர்மையின் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. இங்கிருந்து 1925இல் தொடங்கிய 'குடிஅரசு' இதழில், 1935இல் தந்தை பெரியார் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற எழுத்துகளின் பழைய கூட்டு வடிவங்களை விட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே காலும் ஐகாரக் குறியும் சேர்த்து அச்சிடும் முறையைக் கையாண்டார். தமிழ்நாடு அரசு 1978இல்தான் அதை ஆணையாக்கியது. எழுத்துக் கோப்பவரின் பெட்டியில் அறைகள் குறைந்தன. பிள்ளைகளுக்குக் கற்பதும் எளிதாயிற்று. பழைய யானைத் துதிக்கை 'லை' எழுதிப் பழகிய பெரியவர்கள் அந்தக் காலத்தில் முணுமுணுத்தார்கள் என்றாலும், அந்த மாற்றம் சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அது எழுத்துகளின் எண்ணிக்கையைப் பற்றிய சீர்திருத்தம். அவை என்ன அளவில், என்ன இடைவெளியில், எந்தத் தாளில் நின்றால் சாதாரண மனிதர் தடையின்றிப் படிப்பார் என்ற கேள்வியை அதே அக்கறையோடு அரசு இன்றுவரை எடுத்துக்கொள்ளவில்லை.

கணினி வந்தபோது நம் கவனம் முழுவதும் குறியீட்டுச் சிக்கலில் சென்றது, அது இயல்பே. ஆளுக்கொரு குறியீடு வைத்திருந்ததால் ஒரு கடையில் தட்டச்சு செய்ததை இன்னொரு கடையில் திறந்தால் பொருளற்ற குறிகளாக வந்த காலம் அது. 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது பெரிய முன்னேற்றம். இன்று நல்ல எழுத்துருக்களுக்கும் பஞ்சமில்லை. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான், ஏக் டைப் குழுவினரின் முக்த மலர், கூகுளின் நோட்டோ தமிழ், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த பவனம் என்று பலவும் இலவசமாகவே கிடைக்கின்றன. இளைஞர்கள் இத்துறைக்கு வந்திருப்பது மனத்துக்கு நிறைவைத் தருகிறது. ஆனால் அச்சுக் கடைகளில் பக்கம் அமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளும் பழைய குறியீட்டு எழுத்துருக்களும் இன்னும் ஓய்வு பெறவில்லை. புதிய எழுத்துருவைப் போட்ட இடத்திலும் அதைப் பயன்படுத்தும் முறை மாறவில்லை.

அந்தப் பயன்பாட்டு முறையில்தான் பெரும் கேடு நிகழ்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகளும் அகலமானவை. ஆங்கிலத்தில் முதலில் வடிவமைத்துவிட்டு, அதே கட்டத்துக்குள் தமிழை நுழைக்கச் சொல்கிறார்கள். இடம் போதாது. கடைக்காரர் எழுத்தின் அகலத்தை எழுபது விழுக்காடாகச் சுருக்கிவிடுகிறார். அப்படிச் சுருக்கும்போது நெடுக்குக் கோடுகள் மட்டும் மெலிந்து, கிடைக்கோடுகள் பழைய தடிப்பிலேயே நிற்பதால், எழுத்தின் தலையும் அடியும் கனத்து நடுவில் கால்கள் மயிரிழையாகின்றன, சுழிகள் கீறல்களாகின்றன. தடித்த எழுத்து தனியாக இல்லாத எழுத்துருவில் தடிப்புப் பொத்தானை அழுத்தினால், கணினி தானாகவே வெளிக்கோட்டைப் பருக்க வைத்து உள்ளே இருக்கும் வெள்ளையை அடைத்துவிடுகிறது. வரி இடைவெளியையும் ஆங்கிலக் கணக்கிலேயே விட்டுவிடுகிறார்கள். தமிழில் மேலே இகர ஈகாரக் கொக்கிகள் உயர்கின்றன, கீழே ழு, ஞ, ரூ போன்றவை ஆழமாக இறங்குகின்றன. ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'கி'யோடு போய் மோதும். என் அச்சகத்துக்கு வரும் வேலைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இவற்றுள் ஒன்றாவது இருக்கிறது. வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொன்னால், ஆங்கிலம் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

பாயின்ட் அளவைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. அரசு அறிவிக்கைகளிலும் ஒப்பந்தப் புள்ளிகளிலும் 'எழுத்து 12 பாயின்ட் அளவில் இருக்க வேண்டும்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட்; ஆகவே 12 பாயின்ட் என்பது ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டர். ஆனால் அது எழுத்தின் உயரம் அன்று, எழுத்து அமரும் கட்டையின் உயரம். ஈய எழுத்தைக் கையில் பிடித்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்: கட்டையின் முகத்தில் எழுத்து எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது வார்த்தவரின் விருப்பம். கணினி எழுத்துருவிலும் அப்படியே. கொக்கிக்கும் காலடிக்கும் இடம் விட வேண்டியிருப்பதால், நடு எழுத்தைச் சிலர் பெரிதாகவும் சிலர் மிகச் சிறிதாகவும் வரைகிறார்கள். இரண்டு தமிழ் எழுத்துருக்களை ஒரே 12 பாயின்டில் அடுத்தடுத்து அச்சடித்துப் பார்த்தால், ஒன்று மற்றொன்றைவிடக் கண்கூடாகச் சிறியதாக இருப்பதை யாரும் காணலாம். எனவே விதி எழுதுபவர்கள் பாயின்டை விட்டு, ககரம் அல்லது பகரத்தின் நடு உயரம் இத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். அளவுகோல் வைத்திருக்கும் எந்த அலுவலரும் அதைச் சரிபார்த்துவிடலாம்.

பொதி செய்த பண்டங்களைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள், கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கின்றன. வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது தயாரிப்பாளரின் விருப்பம். ஆகவே தமிழ் வரும்போது, மீதமுள்ள மூலையில்தான் வருகிறது.

அடுத்து, பேருந்துப் பலகைகள். கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் பெயர் எழுதும் ஓவியர்கள் இருந்தார்கள். இன்றும் சிலர் இருக்கிறார்கள். தட்டைத் தூரிகையால் 'தாராபுரம்' என்று எழுதும்போது, அவர்கள் எழுதிவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்து, துணைக்கால் ரகரத்தோடு ஒட்டினால் திருத்துவார்கள். அந்த ஊர்ப் பெயரில் 'ா', 'ரா', 'ர' எல்லாம் நெருங்கி வருவதால் இடைவெளி சற்றுத் தவறினாலும் வேலிக்கால் நட்டதுபோல் ஆகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். இப்போது பல பேருந்துகளில் மின்விளக்குப் பலகை வந்துவிட்டது. இரவில் தெரிகிறது என்பது பெரிய நன்மை; அதை மறுக்கவில்லை. ஆனால் உயரத்துக்குப் பதினாறு விளக்குப் புள்ளிகளே உள்ள பலகையில், மேலே கொக்கிக்கும் கீழே உகர ஊகாரக் குறிகளுக்கும் விட்டது போக, நடு எழுத்துக்கு எட்டோ ஒன்பதோ புள்ளிகள்தான் மிஞ்சும். அதற்குள் ணகரத்தின் சுழிகளைக் காட்டுவது கடினம். 'சூலூர்' என்ற பெயரில் சகரத்தின் ஊகாரமும் லகரத்தின் ஊகாரமும் வெவ்வேறு வடிவம் கொண்டவை. சதுரப் புள்ளிகளில் அவை இரண்டும் கலைந்து, வண்டி நெருங்கி வரும்வரை ஊர் தெரிவதில்லை. 'ஊத்துக்குளி'யின் முதல் எழுத்துக்குள் இருக்கும் சிறிய ளகரம் வெறும் விளக்குக் கொத்தாகிவிடுகிறது. போதாக்குறைக்கு எழுத்து ஓடுகிறது. கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்தில் பையும் குழந்தையுமாக நிற்கும் பெண், ஓடுகிற எழுத்து முடிந்து மறுபடி தொடங்கும்வரை காத்திருந்து, பிறகு நடத்துநரிடம் கேட்டுத்தான் ஏறுகிறார்.

இதற்கு விடை, பெரிய எழுத்துருவைப் பலகைக்குச் சுருக்கிப் போடுவதில் இல்லை. அந்தப் புள்ளிக் கட்டத்துக்கென்றே ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் கையால் வரைய வேண்டும். எந்தப் புள்ளியை எரியவிட்டால் 'ன'வும் 'ண'வும் பிரியும், எந்தப் புள்ளியை அணைத்தால் ரகரத்தின் கால் தெரியும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்து, அதை எல்லாப் பலகைத் தயாரிப்பாளர்களுக்கும் இலவசமாகக் கொடுத்துவிடலாம். உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமும் சேர்ந்து 247 எழுத்துகள் என்றாலும், கொம்பும் காலும் திரும்பத் திரும்ப வருவதால் தனியாக வரைய வேண்டிய வடிவங்கள் அதைவிடக் குறைவு. பொறியியல் கல்லூரிகள் நிறைந்த கோவைக்கும் பெருந்துறைக்கும் இது பெரிய வேலையே அன்று. கூடவே பதினாறுக்குப் பதிலாக இன்னும் கூடுதலான புள்ளிகள் கொண்ட பலகை வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதவும் வேண்டும்.

பிற நாடுகளில் இதை எப்படிச் செய்தார்கள் என்பது நமக்கு வழிகாட்டும். லண்டன் சுரங்க ரயிலுக்கென்று எட்வர்ட் ஜான்ஸ்டன் வரைந்த எழுத்து 1916இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வழிவந்த வடிவமே இன்றும் அங்கே இருக்கிறது. 1950களின் இறுதியில் பிரிட்டனில் நெடுஞ்சாலைப் பலகைகளுக்கு ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வர்ட்டும் எழுத்தமைத்தபோது, அழகைப் பற்றிய வாதம் பத்திரிகைகளில் வெடித்தது. அதை வாதத்தால் தீர்க்காமல் சோதனைக்கு விட்டார்கள். ஒரு விமானத் தளத்தில் தன்னார்வலர்களை அமர்த்தி, பலகையைக் காரின் மேல் பொருத்தி அவர்களை நோக்கி ஓட்டிவந்து, எவ்வளவு தொலைவில் ஊர்ப் பெயரைப் படிக்க முடிகிறது என்று அளந்தார்கள். அமெரிக்காவில் 1978இல் தொலைபேசி விவரத் தொகுப்புக்காக மாத்யூ கார்ட்டர் பெல் சென்டென்னியல் என்ற எழுத்தை வடித்தபோது, கோடுகள் சந்திக்கும் மூலைகளில் வேண்டுமென்றே வெட்டுகளை விட்டார். மலிவுத் தாளில் வேகமாக அச்சாகும்போது மை பரவி அந்த வெட்டுகளை நிரப்பும். அச்சில் எழுத்து சரியான வடிவத்துக்கு வரும். தமிழின் ண, ஞ, ணை போன்ற எழுத்துகளின் சந்திப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட சோதனையை இங்கே நடத்த விமானத் தளம் வேண்டாம். உழவர் சந்தைக்குக் காலையில் வருபவர்களிடமும், ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் இரவு விளக்கில் கணக்குப் பார்ப்பவர்களிடமும், மஞ்சள் மண்டியில் ஏலத்துக்குக் காத்திருப்பவர்களிடமும் ஒரே செய்தியை நான்கு எழுத்துருக்களில், வெவ்வேறு அளவுகளில் அச்சடித்துக் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லலாம். எங்கே தடுக்கிறார்கள், எதை வேறாகப் படிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டால் போதும். கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும் படிக்கச் சொல்ல வேண்டும். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில் இப்போது அமர்பவர்கள், வெளிச்சமான அறையில் பெரிய திரையில் அதைப் பார்க்கும் படித்த இளைஞர்கள். அவர்களின் கண்ணுக்கு எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். இந்தச் சோதனையை வேளாண் துறையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து பூச்சிமருந்துச் சீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நடு எழுத்தின் குறைந்த அளவு உயரம், குறைந்த அளவு வரி இடைவெளி, எழுத்தை அகலத்தில் சுருக்கத் தடை ஆகிய மூன்றையும் மாநில அரசு தன் சொந்த அச்சுவேலைகளுக்கு முதலில் ஆணையாகப் பிறப்பிக்கலாம். அதற்கு மத்திய அரசின் விதி திருத்தப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

காகிதச் செலவு கூடும் என்ற மறுப்பு உடனே வரும். அச்சகம் நடத்துபவனுக்குக் காகித விலை தெரியாமல் இல்லை. சீட்டின் அளவு ஒரு மடிப்பு கூடலாம். ஆனால் பல இடங்களில் அதுகூடத் தேவைப்படாது. சுழிகள் திறந்த, கால்கள் தெளிவான எழுத்துரு ஒன்றைச் சுருக்காமல் 9 பாயின்டில் போட்டால், எழுபது விழுக்காட்டுக்குச் சுருக்கிய 11 பாயின்ட் எழுத்தைவிட எளிதாகப் படிக்க முடிகிறது என்பதை என் கடை வேலைகளில் அச்சடித்துப் பார்த்திருக்கிறேன். துண்டுச்சீட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் அந்தந்த மாநில மொழியோடு இந்தியும் ஆங்கிலமும் மட்டும் அச்சிட்டு அனுப்பினால், நாட்டின் அத்தனை மொழிகளையும் ஒரே தாளில் திணிக்க வேண்டியதும் இல்லை.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு, உரிமையோடுதான் கேட்கிறேன். முதல் பக்கத் தலைப்புகளை இடத்துக்கேற்ப நெருக்குவதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம்; அவை பெரிய எழுத்துகள். உள்பக்கங்களில் வரும் வேலைவாய்ப்பு அறிவிப்பு, ஏல அறிவிப்பு, சந்தை நிலவரம், வரி விளம்பரம் ஆகியவற்றின் எழுத்து, அவற்றை நம்பி வாங்கும் வாசகருக்கே எட்டாததாக இருக்கிறது. விலை நிலவரப் பட்டியலில் 3, 8 ஆகிய எண்கள் சாம்பல் தாளில் ஒன்றுபோல் தெரிகின்றன. கொப்பரை விலையிலும் மஞ்சள் விலையிலும் அது சிறிய பிழை அன்று. லண்டன் டைம்ஸ் நாளிதழ் தன் தாளுக்கும் தன் இயந்திரத்துக்கும் பொருந்தும்படி தனக்கென எழுத்தை வடித்துக்கொண்டு 1932இல் அச்சிட்டது. அந்த டைம்ஸ் நியூ ரோமன்தான் இன்று உலகமெங்கும் கணினிகளில் இருக்கிறது. நம் நாளிதழ்கள் தமக்கென எழுத்துரு செய்துகொள்ளும் பொருள்வசதி உடையவை. அப்படிச் செய்யும்போது தலைப்பு எழுத்தில் மட்டும் அக்கறை காட்டாமல், மிகச் சிறிய அளவில் வரும் வரி விளம்பரத்துக்கும் எண்களுக்கும் தனியாக ஒரு வடிவம் வரையச் சொல்லுங்கள். வரைந்ததைத் திரையில் பார்த்து ஒப்புதல் தராமல், தங்கள் அச்சு இயந்திரத்தில், தங்கள் தாளில், வழக்கமான வேகத்தில் ஓட்டி எடுத்த படியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எழுத்துரு வடிவமைப்பைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அச்சகத்தில் பழைய ஈய எழுத்துப் பெட்டிகள் சில பத்திரமாக இருக்கின்றன. ட்ரெடில் இயந்திரமும் ஓடும் நிலையில்தான் உள்ளது. சிறிய அளவு எழுத்தில் அக்காலத்து வார்ப்பாளர்கள் புள்ளியை எவ்வளவு தள்ளி வைத்தார்கள், ணகரத்தின் சுழியை எவ்வளவு திறந்து விட்டார்கள் என்பதை நேரில் பார்த்து, தாளில் படியெடுத்துக்கொண்டு போக விரும்புகிறவர்கள் வேலை நாட்களில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்து வைக்கிறேன். கேட்பவர்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
ஈரோடு.